கடிக்க ஆகும், ஊத ஆகாது

நான் புதுக்கோட்டையில் பல் செட் கட்டுகிறவன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து ஒரு பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அந்த அளவுக்குள் பிளாஸ்டர் ஊற்றி வாயின் அச்சை எடுப்பேன். அதன் மேல் மெழுகில் பல்லை அடுக்கி, சரிபார்த்து, கடைசியில் செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. பெட்டியோடு வரும் சீட்டில் ஒரு பெயரும் வயதும் இருக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்த சீட்டில் என் தங்கையின் கணவர் பெயர் இருந்தது. வரும் என்று தெரிந்துதான் காத்திருந்தேன். பிளாஸ்டர் ஊற்றி அச்சைப் பிரித்து எடுத்தேன். மேல் வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. அந்த இடத்தில் ஈறு உள்வாங்கி ஆறியிருந்தது. சீட்டின் அடியில் டாக்டர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: ‘சாக்ஸபோன் வாசிப்பவர். முன்பற்கள் அசையக்கூடாது.’

அந்த அச்சை மேசையில் வைத்துவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினேன். அந்த நான்கு பல் போனபிறகு ஐந்து மாதமாக என் தங்கை நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பல்லை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாப்பிள்ளையும் நானும் இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பள்ளி பேண்டில் அவர் கிளாரினெட் ஊதினார், நான் டிரம் அடித்தேன். எனக்கு அது சுதந்திர தினத்தோடு முடிந்துபோனது. அவர் விடவில்லை. பிளஸ் டூ முடித்ததும் கல்யாண ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட் ஒன்றில் சேர்ந்தார். அங்கே யாரோ விட்டுப்போன ஒரு பழைய சாக்ஸபோன் கிடந்தது. மூன்று மாதத்தில் அதை வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் இருந்த நான்கு ஏக்கர் கடலைக் கொல்லையில் அவருக்கு ஒரு நாளும் மனசு நின்றதில்லை.

பிறகு மஸ்கட் போனார். ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில் தினமும் சாயங்காலம் ஒரு குழு ஜாஸ் வாசிக்கும். துடைப்பத்தோடு தூணுக்குப் பின்னால் நின்று ஒரு வருடம் கேட்டிருக்கிறார். அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்த வாரம், மேனேஜரிடம் போய், தான் வாசிப்பதாகச் சொன்னார். மேனேஜர் சிரித்தாராம். வாசித்துக் காட்டியபிறகு சிரிக்கவில்லையாம். இரண்டு மாதத்தில் எங்கள் மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்றார்.

போனில் எனக்கு அந்த வாசிப்பை அனுப்புவார். பல்லைப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்பேன். எனக்கு ஒன்றும் புரியாது. யாரோ ஒருவர் சண்டைக்குப் போய், பாதியில் மனசு மாறித் திரும்பி வருகிற மாதிரி இருக்கும்.

“என்ன மாப்ள இது, பாட்டா? ஆரம்பிச்ச எடத்துக்குத் திரும்பி வரவே மாட்டேங்கிற?” என்று கேட்டேன்.

“பாட்டு ஒரு வரிதான் மச்சான். மீதிய அந்த நிமிசம் நாமதான் உண்டாக்கணும். நேத்து வாசிச்சது இன்னைக்கு ஆகாது” என்றார்.

அடுத்த லீவில் வந்தபோது என் தங்கையை அவருக்குக் கேட்டார்கள். எங்கள் அப்பா குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயம் பார்ப்பவர். “வெளிநாட்டுல ஊதிக்கிட்டு இருக்கானாம்ல. குடிப்பழக்கம் இருக்குமே” என்று தயங்கினார். “நான் கூடப் படிச்சவன்ப்பா. நல்ல பய. நான் பொறுப்பு” என்று சொன்னது நான்தான். அப்போது அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அளவாகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மஸ்கட்டில் வாசித்து முடித்த பிறகு குடித்துக்கொண்டிருந்தவர், வாசிப்பதற்கு முன்பே குடிக்கத் தொடங்கினார். ஒரு விருந்தில் பியானோக்காரரோடு மேடையிலேயே கைகலப்பு. வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார். இங்கே கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்கும் இசைக்குழுக்களில் சேர்ந்தார். அங்கே சினிமாப் பாட்டை அப்படியே வாசிக்க வேண்டும். இவர் இரண்டாவது சரணத்தில் பாட்டை விட்டுவிட்டு எங்கோ போய்விடுவார். பாடுகிற பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்கும். ஒவ்வொரு குழுவாக இவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது. கூப்பிடாத நாளெல்லாம் இவர் குடித்தார். கூப்பிட்ட நாளிலும் குடித்தார்.

தங்கை இலுப்பூரில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். வாய்விட்டு எதையும் சொல்கிறவள் இல்லை. ஒரு நாள் அவள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஸ்டாண்டு ஒரே தட்டில் விழுந்தது. “சரியாத்தான் இருக்காரு” என்று மூச்சு விட்டாள். இரண்டு மூன்று தடவை காலால் துழாவினால் அன்றைக்குக் குடித்திருக்கிறார் என்று அர்த்தமாம். ஒரு ஸ்டாண்டுச் சத்தத்துக்கு அவள் தினமும் அப்படிக் காத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விபத்து ஒரு மத்தியான வேளையில் நடந்தது. புதுக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்கு வந்துவிட்டு அவளும் மாப்பிள்ளையும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விருந்துக்குப் பின்னால் யாரோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சித்தன்னவாசல் பிரிவு ரோட்டில் சுற்றுலா வேன் ஒன்று திரும்பியது. அது பார்த்துத்தான் திரும்பியது. இவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. முகம் ஹேண்டில்பாரில் அடித்தது. தங்கைக்கு இடது மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது அவள் கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: “பல்லு போச்சுண்ணே. அவருக்கு முன்பல்லு போச்சு.”

“ஒன் கையப் பாரு முதல்ல” என்று கத்தினேன். அந்தப் பெஞ்சிலேயே அவரை நான் வெறுத்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் குடிக்கவில்லை. உதட்டில் தையல், வாயில் புண், முன்பல் இல்லாத பேச்சு. துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் வெளியே வருவார். தங்கைக்குக் கை ஆகாததால் சமையல் அவர் கைக்கு வந்தது. நான் போகும்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். சாக்ஸபோன் பெட்டி பீரோவுக்கு மேலே ஏறிவிட்டது. தங்கையின் கன்னத்தில் சதை பிடித்தது. வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்தாவது மாதத்தில்தான் அந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது.

நான் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் செட்டில், மேலண்ணத்தில் ஒட்டுகிற தகடும், பக்கத்துப் பற்களைப் பிடிக்கிற கம்பிகளும்தான் ஆதாரம். கம்பியைப் பல்லின் இடுப்பில் இறுக்கிப் பிடிக்க வளைக்காமல், தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும்படி வளைத்தேன். தகட்டின் பின்விளிம்பை ஒரு நூலளவு குறைத்தேன். சோறு சாப்பிடலாம், பேசலாம், சிரிக்கலாம். ஆனால் சாக்ஸபோனை ஊதும்போது மவுத்பீஸின் மேல் முன்பல்லை ஊன்றித்தான் பிடிக்க வேண்டும். அப்படி ஊன்றினால் தகடு பின்னால் அண்ணத்தை விட்டு எழும்பும். கடிக்க ஆகும், ஊத ஆகாது. பார்க்கிற டாக்டருக்குக்கூடத் தெரியாத அளவுக்குச் சுத்தமாகச் செய்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறு இல்லை.

ஒரு வாரத்தில் அவரே கடைக்கு வந்தார். செட் போட்ட முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“நல்லாத்தான் இருக்கு மச்சான். ஊதுறப்பதான் லேசா ஆடுது. பாக்குறியா?”

“புது செட்டுன்னா அப்படித்தான் மாப்ள. பழகணும்” என்றேன். கம்பியைத் திருகுகிற மாதிரி பாவனை செய்து கொடுத்தேன்.

இரண்டாம் தடவை வந்தபோது ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டுக்கொண்டார். நான் கம்பியில் குறடை வைக்கும்போது அவர் கண் என் கையிலேயே இருந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துக் குறடு வழுக்கியது.

“ஒனக்கு என்ன மச்சான், காய்ச்சலா?”

“இல்ல, மெழுகு சூடு.”

மூன்றாம் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். சரிசெய்து கொடுத்ததை மாட்டிக்கொண்டு, நாக்கால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “வாரேன்” என்று போய்விட்டார். பிறகு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு தங்கை வந்து நின்றாள். இலுப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு பாலித்தீன் பை. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் மேசை மேல் விரித்தாள். துண்டு முழுக்க ரத்தக் கறை. சில கறை பழசு, சில புதுசு.

“என்னத்தா இது?”

“அவரு ஒதடு. பல்லு ஆடுதுன்னு செட்டக் கழட்டி வச்சுட்டு, ரெண்டு ஒதட்டையும் உள்ள மடிச்சு ஊதுறாரு. நான் வேலைக்குப் போனப்பெறகு ஊதியிருக்காரு. தையல் போட்ட எடம் பிஞ்சுபோச்சு. நேத்து துண்ட ஒளிச்சு வச்சிருந்தத எடுத்தேன்.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, ஒனக்கு செட்டுக் கட்டத் தெரியாதா?”

தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

“ஒனக்காகத்தான்” என்றேன். “பல்லு வந்தா கச்சேரி வரும். கச்சேரி வந்தா குடி வரும். திரும்பவும் நீ ஸ்டாண்டுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உக்காரணுமா?”

“எனக்காகன்னு சொல்லாத. என்னயக் கேட்டியா நீ?” குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அந்தப் பெட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டா என்னன்னு நான் நெனச்சதில்லங்கிறியா? பீரோ மேல ஏறி எறக்கிக்கூடப் பாத்திருக்கேன். ஆனா போடலண்ணே. அவரு இத்தன மாசம் குடிக்காம இருந்தாரே, பல்லு இல்லாததாலயா இருந்தாரு? குடிக்கிறதுக்கு எதுக்குப் பல்லு?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. சத்தியமாகத் தோன்றியதே இல்லை.

“நீயே அவருகிட்ட சொல்லு. நான் சொல்லமாட்டேன்” என்று எழுந்து, துண்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். உதட்டில் மருந்து தடவியிருந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து, அவருடைய அச்சை எடுத்து முன்னால் வைத்து, கம்பியை எங்கே தளர்த்தினேன், விளிம்பை எங்கே குறைத்தேன் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். காரணத்தையும் சொன்னேன். அவர் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மணி பன்னிரண்டு இருக்கும்.

ஒரு மணிக்குத் தங்கைக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வரவில்லை. அவர் போன் அணைந்திருந்தது. இரண்டு மணிக்கும் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். புதுக்கோட்டையில் இரண்டு சாராயக் கடைகளுக்குள் நுழைந்து பார்த்தேன். இலுப்பூர் ரோட்டில் ஒவ்வொரு பாலத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். சித்தன்னவாசல் பிரிவில் நான்கு பேர் கூடி நின்றார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. இறங்கி ஓடிப் பார்த்தால், இளநீர் வண்டியைச் சுற்றி நிற்கிற சுற்றுலாக்காரர்கள்.

அன்னவாசல் தாண்டி ஒரு கடையின் வெளியே அவருடைய பைக் நின்றது. உள்ளே தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செட்டைக் கழற்றி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்தார்.

“நீங்க நெனச்ச மாதிரியே ஆயிருச்சுல்ல மச்சான்? சந்தோசமா இருங்க.”

பள்ளிக்கூடத்திலிருந்து அவர் என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அவரை என் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இலுப்பூர்வரை ஓட்டினேன். அவர் தலை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. தங்கை கதவைத் திறந்தாள். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். திரும்பி வந்து, “நீ போண்ணே” என்றாள். நான் சட்டைப்பையிலிருந்து செட்டை எடுத்து நீட்டினேன். வாங்காமல் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. திருச்சியில் எனக்குத் தெரிந்த நல்ல லேப் ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கட்டிக்கொள்ளட்டும், நான் ஏற்பாடு செய்கிறேன் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. நான்காவது வாரம் அவர்கள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் கையில் சாக்ஸபோன் பெட்டி.

“வேற லேப்புக்குப் போகலாம்னு சொன்னேனே” என்றேன் தங்கையிடம்.

பதில் சொன்னது அவர். “எங்க புடிக்கும், எங்க ஆடும்னு ஒங்களுக்குத்தான தெரியும். நீங்களே கட்டுங்க.”

டாக்டரிடம் பேசி உலோகத் தகடாக மாற்றினோம். தகட்டை வார்த்து வாங்கிக்கொண்டேன். அதன் மேல் மெழுகில் நான்கு பல்லையும் அடுக்கி, டாக்டரின் அறையிலேயே மாப்பிள்ளைக்கு மாட்டிப் பார்த்தோம். மவுத்பீஸை மெதுவாகக் கடிக்கச் சொன்னேன். அவர் கடித்த கோணத்தைப் பார்த்து, நடுப்பல் இரண்டையும் அரை நூல் முன்னால் நகர்த்தினேன். மறுபடி கடித்தார். மறுபடி நகர்த்தினேன். ஆறு தடவை. தங்கை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கள் இருவரில் யாரைக் கண்காணிக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

செட் முடிந்த அன்று அவர் என் கடையில் நின்றுகொண்டே ஊதினார். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு கீழ்க் குரலில் ஒரு நீளமான சத்தம், அலமாரியில் இருந்த பிளாஸ்டர் அச்சுகள் எல்லாம் கிடுகிடுவென்று அதிர்ந்தன. தகடு அசையவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரே சத்தத்தை மூச்சு முடியும்வரை பிடித்தார். தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எல்லாம் அத்தோடு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதன்பிறகும் ஒருமுறை குடித்தார். நான்கு நாள். ஐந்தாவது நாள் அவரே தங்கையிடம், திருச்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடச் சொன்னார். நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தார். அங்கே சாக்ஸபோனை அனுமதிக்கவில்லையாம். வாயாலேயே முனகி முனகி வாசித்துப் பார்த்துக்கொண்டாராம். அங்கே பழக்கமான ஒருவர், காலேஜில் பாடம் நடத்துகிறவர், பியானோ வாசிப்பார். வெளியே வந்தபிறகு அவரும் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், திருச்சியில் ஒரு சின்ன ஹாலில் வாசிக்கிறார்கள். கேட்க முப்பது பேர் வந்தால் அதிகம்.

போன மாதம் தங்கை என்னையும் கூப்பிட்டாள். கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்துவிட்டார். டிரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தங்கை என் கையைப் பிடித்தாள். கம்பி விட்டுவிட்டதா, தகடு எழும்பிவிட்டதா என்று என் மனம் பல் பல்லாக ஓடியது. பியானோக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு மாப்பிள்ளை நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து இல்லாமல், வேறெங்கிருந்தோ ஆரம்பித்து ஊதி முடித்தார். முன்வரிசையில் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஆடிருச்சா மாப்ள?”

“இல்லங்க. அந்த எடத்துல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. அதான் விட்டுட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. தொண்ட காயுது, அங்கிட்டுப் போயிட்டு வாரேன்.”

ரோட்டைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே வரிசையாக நாலைந்து கடைகள் இருந்தன. ஒரு பஸ் குறுக்கே வந்து நின்று, ஆட்களை இறக்கி, நகர மறுத்தது. தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். பஸ் போனபிறகு பார்த்தோம். ஒரு கடை வாசலில் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.